கரண்ட் மேல் போட்ட பழி

2012-ல் எங்கள் பக்கத்தில் எது கெட்டுப்போனாலும் கரண்ட்டைக் காரணம் சொல்லிவிடலாம். மிக்சி புகைந்தால் கரண்ட், டிவியில் கோடு விழுந்தால் கரண்ட். சென்னை தவிர்த்த மற்ற மாவட்டங்களைப் போலப் பெரம்பலூரும் அரியலூரும் மணிக்கணக்கான மின்வெட்டில் தவித்த ஆண்டு அது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் அசம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்த நான் அந்த மின்வெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவரை ஏமாற்றினேன்.

அவர் செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய ஒரு சிஸ்டம் வேண்டும் என்று வந்தார். போட்டோஷாப் தடையில்லாமல் ஓடும் ப்ராசசர், தனி கிராஃபிக்ஸ் கார்டு, படங்களைச் சேர்த்துவைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க். இவை எல்லாவற்றையும் குறையில்லாமல் போட்டுக் கொடுத்தேன். ஏனென்றால் இவை அவருக்குப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த சாமான்கள். கேட்கத் தெரியாத சாமான் ஒன்று இருந்தது: எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கேபினெட்டோடு சேர்ந்தே வந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். கையில் தூக்கினால் காலி டப்பா போலக் கனமே இருக்காது. நல்லது ஒன்றைத் தனியாகப் போட்டால் விலை ஏறும், ஏறினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கொட்டேஷனில் '450 வாட்' என்று மட்டும் எழுதினேன். ஸ்டிக்கரில் அப்படித்தான் போட்டிருந்தது, பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஸ்டிக்கரின் கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 168 வாட்தான் வரும். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் நம்பியிருப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அந்த வியாபாரத்தில் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கடையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. ஊருக்குப் போன பிறகு போன் வந்தது. "தம்பி, நாலு கலர் வெளிச்சம் ஒண்ணுசேந்து விண்டோஸ் கொடி வருமில்ல, அது முழுசா வர்றதுக்குள்ள பட்டுனு போயி மறுபடி மொதல்லேருந்து வருது." ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போடச் சொன்னேன். சரியாகவில்லை. சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் வந்து இறங்கினார். என் கடையில் சமத்தாக ஓடியது. சும்மா அனுப்பினால் மரியாதை இல்லை என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, அதற்கும் கூலி வாங்கினேன்.

இத்தனைக்கும் எனக்கு வேண்டிய துப்பு எல்லாமே கையில் இருந்தது. தானாக ரீஸ்டார்ட் ஆவதை அப்போதைய விண்டோஸின் எஃப்8 மெனுவில் நிறுத்திவிட்டால், விண்டோஸ் தரப்பில் பிழை இருந்தால் பெரும்பாலும் நீலத் திரை வந்து நிற்கும். அவர் வீட்டில் அப்படிச் செய்து பார்க்கச் சொன்னேன். நீலத் திரை வரவில்லை, சுவிட்சைத் தட்டிப் போட்டது போல மறுபடி முதலிலிருந்து. இன்னொன்றையும் அவராகவே சொன்னார்: "காலையில நல்லாத்தான் தம்பி இருக்கு. முந்திரிக் கொல்லைப் பக்கம் மோட்டாருக்கு மூணு ஃபேஸ் விட்டுட்டா ஆரம்பிச்சிடுது."

இதற்கு மேல் ஒரு மெக்கானிக்குக்கு என்ன சொல்ல வேண்டும்? எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைக்கு வந்ததும் 'பவர் குட்' என்ற சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்பும். 12 வோல்ட் லைன் ஐந்து சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4-லிருந்து 12.6 வரை. விண்டோஸ் ஏறும் நேரத்தில் கிராஃபிக்ஸ் டிரைவர் விழிக்கும், ப்ராசசர் முழு வேகத்துக்குப் போகும், இரண்டு டிஸ்க்கும் ஓடிக்கொண்டிருக்கும். சுமை கூடுகிறது. தாங்க முடியாத எஸ்எம்பிஎஸ் அந்த சிக்னலை விட்டுவிடும், போர்டு உடனே ரீசெட் அடிக்கும். வெளியே வோல்டேஜும் தாழ்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் அவரிடம் சொன்னது கடைசி வாக்கியத்தை மட்டும். "அண்ணே, உங்க ஊர் கரண்ட் சரியில்லண்ணே."

அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த வசதி. மீட்டர் வைத்துப் பார்த்தால் சாயங்காலம் 190-க்கும் கீழே காட்டியது. ஸ்டெபிலைசர் விற்றேன். ரீஸ்டார்ட் ஆவது கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. எர்த் சரியில்லை என்றேன். ஆள் வைத்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போட்டார். அப்போதும் நிற்கவில்லை. ஊர் ஒயர்மேனிடம் போய்ச் சண்டை போட்டார். "என் சிஸ்டத்தைக் கெடுக்கிறதே உன் டிரான்ஸ்ஃபார்மர்தான்" என்று டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் சொன்னதாக அவரே பெருமையாக என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்படிப் படங்கள் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம் திரும்பத் திரும்ப நின்றதில் ஒரு டிஸ்க்கில் பேட் செக்டார் விழுந்தது. ஒரு காதுகுத்து விழாப் படங்கள் அதில் இருந்தன. பாதிதான் என்னால் எடுக்க முடிந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் படங்கள் வரவில்லை. அவர் அந்த வீட்டுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவரிடம் ரெகவரி சார்ஜ் வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் உறுத்தல் தாங்காமல், தூசு தட்டித் தருகிறேன் என்று ஒரு சாயங்காலம் அவர் ஊருக்குப் போனேன். சிமெண்ட் ஆலைகள் உள்ள மாவட்டத்தில் தூசு என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். நல்ல ரகங்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் மாற்றி, ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு நேராகப் பிளக்கில் செருகினேன். மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதே தாழ்ந்த கரண்ட். விண்டோஸ் கொடி முழுசாக வந்தது. மறுபடி மறுபடி அணைத்துப் போட்டும் வந்தது.

டீயோடு வந்தவர் கேட்டார், "என்ன தம்பி பண்ணுனீங்க?"

"தூசுதாண்ணே. இனிமே கரண்ட்டும் உங்களுக்கு செட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெபிலைசரைத் திரும்ப மாட்டினேன்.

வெட்கத்தால் மறைத்தேன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. அதே கேபினெட்டை அந்த ஆண்டு நிறையப் பேருக்கு விற்றிருந்தேன். இவரிடம் ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் வாசலில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் யாருக்கும் நான் எஸ்எம்பிஎஸ் மாற்றிக் கொடுக்கவில்லை.

அந்த ஒயர்மேன் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவரைத் தேடிப் பிடித்துச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

ஸ்டுடியோ அண்ணன் இதைப் படித்தால் கடைக்கு வர வேண்டும். விண்டோஸ் போட்ட கூலி, ஸ்டெபிலைசர், எர்த் குழி வெட்டிய செலவு, ரெகவரி சார்ஜ், திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் நான் தர வேண்டியவை. அந்த ஆண்டு கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸை என்னிடம் வாங்கிய மற்றவர்களும் வரலாம். பில் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், நான்தான் யாருக்கும் பில்லே போடவில்லையே.