அஞ்சாளை வேடமிட்ட மீனின் ஊர்

கடைக்காரர்கள் 'கொமெட்' என்று சொல்லும் மீன் பகலில் முகம் காட்டாது. மிரண்டால் முருகைக்கல் பொந்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வாலை வெளியே விட்டு நிற்கும். கரிய உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டுகள், முதுகுத் துடுப்பின் அடியில் கண் போல ஒரு வளையம். வெளியே தெரியும் அந்தப் பாதி, பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் புள்ளி அஞ்சாளையின் தலையேதான். கடிக்கிற அஞ்சாளையென்று எண்ணி வேட்டை மீன் விலகிவிடும் என்று 1977இல் ஜோன் மக்கோஸ்கர் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். இவ்வளவு நடிப்பும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளராத ஒரு கூச்சக்கார மீனிடம்.

வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொட்டியில் ஒன்று இருக்கிறது. வளர்ப்பு நூல்கள் தண்ணீரைச் சூடாக்கும் கருவியை விவரிக்கும். கொழும்பில் நமக்கு வேண்டியது மின்விசிறி. கடல் நடந்துபோகும் தூரத்தில் இருந்தாலும் கால்வாய் விழும் அந்தக் கரைத் தண்ணீரை நான் தொடுவதில்லை, உப்பு கரைத்துத்தான் ஊற்றுகிறேன். விளக்கணைந்த பிறகுதான் இது இரை தேடும். முதலில் உயிருள்ள கூனி இறாலை மட்டுமே எடுத்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களை இப்படியொரு தொட்டி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டரியில் ஓடும் காற்றுப் பம்பிக்கு அப்போது தங்கத்தின் மதிப்பு.

இது எந்தக் கடல் மீன்? வாங்கிய கொட்டாஞ்சேனைக் கடையில் கேட்டேன்.

"ட்ரிங்கோ மீன் அண்ணா. அங்க சுழியோடுற ஆக்கள் பிடிச்சது."

மீனைப் பார்த்து அதைச் சரிபார்க்க வழியில்லை. செங்கடலிலிருந்து தொங்கா வரை இதே இனம் வாழ்கிறது. ஆகவே மீனை விட்டு, அது வந்த வியாபாரத்தின் வழியே போனேன்.

அது எதிர்பாராத இடத்துக்குக் கூட்டிப்போனது. முருகைக்கல் மீன்களை அலங்காரத்துக்காக ஏற்றுமதி செய்யும் தொழில் உலகில் தொடங்கியதே இலங்கையில், 1930களில் என்கின்றன இத்துறை ஆய்வுகள். அதே காலத்தில் பக்கத்து ஊரான தெஹிவளையில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மனியர் விலங்குகளைக் கப்பலேற்றும்வரை அடைத்துவைக்க ஒரு இடம் நடத்தினார். 1936இல் அந்த நிறுவனம் கலைய, அரசு எடுத்துக்கொண்டதுதான் இன்றைய மிருகக்காட்சிசாலை. நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இடம் ஒரு வியாபாரியின் கிடங்காக இருந்தது!

அந்த மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்லாஸ்தான் பிறகு இந்த மீன் வியாபாரத்தின் பெரிய பெயர். ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோருடன் சுழியோடியவர். கடல் மீன் பிடிப்பது பற்றி 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு ரொஜர் லபொக், நிக்கலஸ் பொலுனின் இருவரும் இந்த வியாபாரமும் கடல் பாதுகாப்பும் பற்றி ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். மறு ஆண்டு லபொக் இலங்கைக் கடலின் இன்னொரு ஒளிந்து வாழும் சிறு மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தார். நீருக்கடியில் கண்திறந்து பார்த்த முதல் ஆட்களில் பலர் மீனை விற்றவர்களும் விற்பனையைக் கண்டு கவலைப்பட்டவர்களும்தான். இரண்டையும் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை, நானும் வாங்கியவன்தானே.

கணக்கெடுக்கும் வேலை பின்னர்தான் வந்தது. மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் அரசின் நீர்வள ஆய்வு நிறுவனமான 'நாரா'வின் அர்ஜன் ராஜசூரியவும் பிரிட்டனின் எலிசபெத் வுட்டும் 1990களில் இந்த மீன்பிடியை ஆராய்ந்தார்கள். முருகைக்கல்லின் மேல் போட்டு அதை உடைத்துவிடும் 'மொக்சி' வலை தடைசெய்யப்பட்டது. 1998இன் ஒழுங்குவிதிகள் சில இனங்களின் ஏற்றுமதியை நிறுத்தின, சிலவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டன. அதெல்லாம் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் ரெஜிஃபோம் பெட்டிகளுக்கு. நான் விசாரித்த கடைகளில் உள்ளூரில் விற்கும் மீனுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

மீனின் ஊரை ஊகிக்க மிஞ்சியது காற்றுதான். சோளகம் வீசும் மாதங்களில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும். சுழியோடிகள் திருகோணமலை, கல்குடாப் பக்கம் போய்விடுவார்கள். வாடை தொடங்கினால் திரும்பிவருவார்கள். நான் வாங்கியது ஜூலையில். ஆகவே கடைக்காரர் சொன்னதை நம்ப இடமிருக்கிறது. ஆனால் மாலைத்தீவு மீன்களும் கொழும்பு வழியாகவே வெளிநாடு போய்ப் பழகியவை. ஜூலையில் கொந்தளிக்கும் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவையில் பிடித்ததாக இருக்காது என்பதுவரைதான் வந்திருக்கிறேன்.