நோர்மல் பச்சை

"பச்சை வேண்டாம். அது நோர்மல்தானே."

போன வருஷம் எங்கட வீட்டு முற்றத்தில், லவ் பேட்ஸ் கூட்டுக்கு முன்னால் நின்று ஓர் அன்ரி சொன்ன வசனம் இது. கூட வந்த மகனுக்கு ஆறு, ஏழு வயதிருக்கும். அவன் முதலில் விரலை நீட்டியது ஒரு பச்சைக் குஞ்சைப் பார்த்துத்தான். "அம்மா, கிளி!" என்று கத்தினான். அன்ரி அவனுடைய தோளைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பிவிட்டார். கடைசியில் ஒரு நீலச் சோடியை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கப் போனவர்களில் அன்ரி மட்டும் இப்பிடிச் சொன்னவர் என்றில்லை. வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்குக் குத்தியது. நோர்மல் என்றால் என்ன? யார் அதைக் குறைந்த விலைச் சொல்லாக்கியது?

எங்கட வீட்டுக்கு இந்தப் பறவைகள் வந்தது 2020இல். கொவிட் காலம். அப்பா வான் ஓடுகிறவர். ஊரடங்கு போட்டதும் ஹயர் எல்லாம் நின்றுபோனது. அப்பாவுக்குக் காசு தரவேண்டிய கூட்டாளி ஒருத்தர், காசு இல்லாமல் இரண்டு சோடி லவ் பேட்ஸைக் கொண்டுவந்து தந்தார். ஒரு சோடி பச்சை, ஒரு சோடி நீலம். அம்மா ஒரு கிழமை அப்பாவோடு கதைக்கவில்லை. பிறகு அவதான் பழைய கோழிக்கூட்டைக் கழுவி, புதுக் கம்பி வலை அடிக்கச் சொன்னவ. நாலு முட்டி வாங்கிப் பக்கத்தில் ஓட்டை போட்டுக் கட்டினோம். தினை கடையில் வாங்கினோம். கணவாய் ஓடு கடற்கரையில் சும்மா கிடக்கும், பொறுக்கிக்கொண்டு வந்து வலையில் செருகிவிட்டோம்.

உண்மையில் இவற்றின் பெயர் லவ் பேட்ஸ் இல்லை. லவ் பேட்ஸ் என்பது ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறு ஒரு சின்னக் கிளி இனம. எங்கட கூட்டில் இருப்பது பட்ஜரிகர். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. ஆனால் எங்கட ஊரில் பட்ஜரிகர் என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது.

எல்லாவற்றையும் ஒரே கூட்டில் விட்டதால் அதுகள் தங்கட பாட்டுக்குச் சோடி மாறிக்கொண்டன. பச்சை ஆண் நீலப் பெண்ணோடும், நீல ஆண் பச்சைப் பெண்ணோடும் போய்விட்டன. முட்டை இட்டு 18 நாளில் குஞ்சு பொரித்தது. செட்டை முளைக்க முளைக்க அப்பா ஒவ்வொரு முட்டியாய் எட்டிப் பார்ப்பார். எல்லாம் பச்சை. ஒன்று விடாமல் பச்சை.

"என்ன பிள்ளை இது, நீலம் பாதியாவது வரவேணுமெல்லோ?" என்றார்.

வரவில்லை. பச்சைச் சோடி நீலச் சோடியின் அரைவாசி விலைக்குத்தான் போனது. ஆனால் அடுத்த வருஷம், அந்தப் பச்சைக் குஞ்சுகள் வளர்ந்து சோடி சேர்ந்தபோது, ஒரு முட்டிக்குள் மூன்று பச்சைக்கு நடுவில் ஒரு நீலம் இருந்தது. அப்பாவுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பச்சை, பிள்ளை எப்படி நீலம்? உயர்தரத்தில் பயோ படித்துக்கொண்டிருந்த தம்பி கொப்பியை எடுத்துவந்து மெண்டலின் பட்டாணிக் கணக்கைப் போட்டுக் காட்டினான். பச்சை ஆட்சியானது, நீலம் பின்னிடைவானது. முதல் தலைமுறையில் நீலம் ஒளிந்திருக்கும். அப்படி ஒளித்து வைத்திருக்கிற இரண்டு பச்சை சேர்ந்தால் நாலில் ஒன்று நீலமாக வரும். கலைப்பீடத்துக்குப் போகவிருந்த எனக்கே விளங்கியது.

ஆனால் தம்பியின் கொப்பியில் இல்லாத ஒன்றைப் பிறகுதான் வாசித்தேன். பட்ஜரிகரின் செட்டையில் பச்சை என்று ஒரு சாயம் கிடையாது. செட்டையின் நுண்ணிய அமைப்பு, உள்ளே இருக்கிற கரும் நிறப்பொருளின் உதவியோடு, நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதோடு கிளி இனங்களுக்கே உரிய ஒரு மஞ்சள் நிறப்பொருள் சேர்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. அவ்வளவுதான். நீலப் பறவை என்பது அந்த மஞ்சளைச் செய்யமுடியாமல் போன பறவை. அதற்குக் காரணம் ஒரு மரபணுவில் நடந்த ஒரேயொரு சின்ன மாற்றம் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். கரும் நிறப்பொருள் இல்லாமல் போனால் மஞ்சள் மட்டும் மிஞ்சும். இரண்டும் போனால் வெள்ளை. அதாவது கடைகளில் நாங்கள் "கலர்" என்று கூடக் காசு கொடுத்து வாங்குகிற நீலமும் மஞ்சளும் வெள்ளையும் ஏதோ ஒன்று குறைந்த பறவைகள். எல்லாம் இருப்பது பச்சையில்தான். அதைத்தான் நாங்கள் நோர்மல் என்று தள்ளி வைக்கிறோம்.

இதை வாசித்த பிறகு கூட்டுக்கு முன்னால் போய் நின்று பச்சையை மட்டும் பார்த்தேன். நெற்றி மஞ்சள். தலையிலிருந்து முதுகுவரை அலை அலையாகக் கறுப்புக் கோடுகள். கன்னத்தில் ஊதாப் பொட்டு, கழுத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். காட்டில் இந்தக் கோடுகளும் பச்சையும் புல்லுக்கும் இலைக்கும் நடுவில் பறவையை மறைத்துவிடும். மேலே பருந்து, வல்லூறு எல்லாம் திரிகிற இடம் அது. நீலமாகவோ மஞ்சளாகவோ ஒன்று அங்கே பிறந்தால் கூட்டத்துக்குள் தனியாகத் தெரியும். அந்த நெற்றி மஞ்சளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும். சாதாரண வெளிச்சத்தில் எங்கட கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் சோடி தேடும்போது அதுகள் அதைப் பார்க்கலாம்.

ஜோன் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1840இல் இந்தப் பறவைகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்போது கொண்டுபோனதெல்லாம் பச்சைதான். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவில் மஞ்சளும் வந்துவிட்டது, நீலமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மனிதர்கள் பச்சையைத் தேடிப் போகவே இல்லை.

எங்கட வீட்டிலும் அதுதான் நடந்தது. நீலத்தைக் கண்ட பிறகு அப்பா அதே முட்டியில் பிறந்த அண்ணன் தங்கச்சியை ஒன்றாக அடைக்கத் தொடங்கினார். நீலத்துக்கு நீலம். பிறகு அதன் பிள்ளைகளுக்குள்ளேயே சோடி. வேறு இடத்தில் பறவை வாங்கக் காசும் இல்லை. முதல் ஈட்டில் ஐந்து முட்டைக்கு ஐந்து குஞ்சு பொரித்த கூட்டில், மூன்றாவது தலைமுறையில் ஐந்து முட்டைக்கு ஒன்றுதான் பொரித்தது. அதுவும் செட்டை முளைக்க முதலே செத்துப்போனது. அம்மா அதைக் கொண்டுபோய் வாழையடியில் தாட்டா. அப்பா ஒன்றும் கதைக்கவில்லை.

2022 வந்தது. டீசல் வரிசையில் அப்பா இரவிரவாக வானுக்குள் படுத்துக் கிடந்த காலம். தினை விலை ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் அப்பா சொன்னார், "பச்சை எல்லாத்தையும் குடுத்துவிடுவம். தின்னுறது ஒரே அளவு, வாறது அரைக்காசு." அவர் சொன்ன கணக்கு பிழையில்லை. சாப்பாட்டுக்கே யோசித்த வீட்டில் நான் வடிவைப் பற்றிக் கதைக்கமுடியாது. ஒரு சோடியையாவது விடச் சொல்லிக் கேட்டேன். கம்பஸ் தொடங்கி மகாபொலக் காசு வந்ததும் அந்தச் சோடிக்குரிய தினைக்காசு நான் தருவதாகச் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு விட்டார்.

"நோர்மல்" என்ற சொல்லைத் தேடிப் போனபோதுதான் யூரியூப்பில் சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்களைக் கண்டேன். லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துக் கற்பாறைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. எங்கட சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை அதற்கு உண்டு. அங்கேயும் இதே கதைதான். புள்ளி இல்லாதது, தோடை நிறம், வெள்ளை என்று நூறு வகை. காட்டில் இருக்கிற மாதிரியே இருப்பதற்குப் பெயர் நோர்மல், விலை குறைவு. அதில் லெமன் ஃப்ரோஸ்ட் என்று ஒரு வகை வந்ததாம். பளீரென்ற மஞ்சளும் வெள்ளையும். ஆரம்பத்தில் பெரிய விலை. பிறகு பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டி வந்தது. அந்த நிறத்தைக் கொடுக்கிற மரபணுவேதான் புற்றுநோய்க் கட்டியையும் கொண்டுவருகிறது என்று 2021இல் ஆய்வு வெளிவந்தது. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் விலக்க வழியில்லை.

பட்ஜரிகரில் நீலம் அப்படி நோய் தருவதில்லை. ஆனால் வேறு விதமாக எல்லை மீறியிருக்கிறோம். காட்டுப் பறவை ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளம், 30 கிராம் எடை. கண்காட்சிக்கென்று வளர்ப்பது கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு எடை, கண்ணை மறைக்கிற அளவுக்குத் தலைச் செட்டை. அந்தப் பரம்பரைகளில் சில குஞ்சுகளுக்குச் செட்டை வளர்வது நிற்பதே இல்லை. சுருண்டு சுருண்டு வளர்ந்து, பறக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் செத்துவிடும். தூசி தட்டும் தும்பு மாதிரி இருப்பதால் அதற்கு ஃபெதர் டஸ்ரர் என்று பெயர். முதல் தடவை படம் பார்த்தபோது பொம்மை என்று நினைத்தேன்.

கன்ரீனில் இதைப் பற்றிக் கதைத்தபோது என்ர சிநேகிதி ஒருத்தி கேட்டாள், "அவுஸ்திரேலியாவில அது கூட்டம் கூட்டமா ஆயிரக்கணக்கில பறக்குது. அழியப்போற இனமும் இல்லை. நீ ஒரு சோடியை வச்சு என்னத்தைக் காப்பாத்தப் போறாய்?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். நான் இனத்தைக் காப்பாற்றவில்லை. எங்கட கூட்டுப் பச்சை காட்டுக்குப் போகப்போவதும் இல்லை, போனால் பிழைக்காது. 1960 முதல் அவுஸ்திரேலியா தன்னுடைய பறவைகளை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. அதனால் உலகம் முழுக்கக் கூடுகளில் இருப்பவை பல தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்தவை. காட்டிலிருந்து புதிதாக ஒன்று வந்து சேரப்போவதில்லை. அப்படியென்றால் கூட்டுக்குள் இருக்கிற பச்சைதான் கூட்டுக்குள் மிச்சமிருக்கிற முழுப் பறவை. எல்லாரும் நிறத்தை மட்டும் பெருக்கினால், ஒருநாள் நிறங்கள் பலவீனமாகும்போது திரும்பிப் போக ஒன்றும் இருக்காது. நிறத்துக்காக வளர்க்கிறவர்களே இடையிடையே நல்ல பச்சை ஒன்றைச் சேர்ப்பது இதற்காகத்தான். அந்த நல்ல பச்சையை யாரோ ஒருவர், இலாபம் இல்லாவிட்டாலும், வைத்திருக்கவேண்டும்.

அதற்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஒரு கொப்பி போதும். எந்தச் சோடிக்கு எந்தத் திகதியில் எத்தனை பொரித்தது, காலில் என்ன நிற வளையம், யாருடைய பிள்ளை யார் என்று எழுதுகிறேன். கூடப் பிறந்தவற்றைச் சோடி சேர்ப்பதில்லை. ஒரு சோடிக்கு வருஷத்தில் இரண்டு ஈட்டுக்கு மேல் விடுவதில்லை, பிறகு முட்டியைக் கழற்றிவிடுவேன். பெரிசாக இருப்பதையோ புதுமையாக இருப்பதையோ தெரிவதில்லை. நன்றாகப் பறப்பதையும், குஞ்சுக்கு ஒழுங்காக இரை ஊட்டுவதையும் தெரிகிறேன்.

எங்கட சோடியின் பிள்ளைகளுக்கு வெளி இரத்தம் வேண்டும் என்று, இந்த வருஷத் தொடக்கத்தில் சாவகச்சேரிக்குப் போனேன். அங்கே ஓர் ஐயா பல வருஷமாகப் பச்சை மட்டும் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். "பச்சை வாங்கவோ பஸ் ஏறி வந்தனீர்?" என்று கேட்டார். பிறகு தேத்தண்ணி தந்து, இரண்டை இலவசமாகவே தந்தார். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்குள் அதுகள் கத்தின கத்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது முட்டியில் நாலு குஞ்சு. ஐயாவின் பறவைகளுக்குள்ளும் நீலம் ஒளிந்திருக்கலாம். ஒன்று நீலமாக வந்தால் அதையும் கொப்பியில் எழுதுவேன். அதுவும் எங்கட வீட்டுக் குஞ்சுதான். நீலத்தில் எனக்குக் கோபம் இல்லை, பச்சையைக் கைவிடுவதில்தான்.

உங்கட வீட்டிலும் லவ் பேட்ஸ் இருந்தால், அடுத்த முறை பச்சையை விற்க முதல் ஒருக்கால் வெயிலில் வைத்துப் பாருங்கோ. ஒரு சோடியை மட்டும் மறித்து வையுங்கோ.

போன கிழமை அப்பாவுக்கு யாரோ போன் எடுத்தார்கள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். "நீலம் முடிஞ்சுது. பச்சை இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "இல்லைத் தம்பி, அரை விலைக்கு ஏலாது. அது மகளின்ர. அவவைத்தான் கேக்கவேணும்."