பாலைவனம் காத்த ஏடுகளும் பமாக்கோவின் ஈரக்காற்றும்



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பாட்டனார் காலத்துக் கிதாபு ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கக்கூடும். அதனை எடுத்துப் பிரிக்கும்போது மக்கிய வாடை ஒன்று வீசும். பழமையின் மணம் என்று நாம் அதனைப் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். பெரும்பாலும் அது ஈரக்காற்றும் பூஞ்சணமும் சேர்ந்து அந்த நூலை அரித்துக் கொண்டிருப்பதற்கான அறிகுறியாகும். இதன் உண்மையை விளங்கிக்கொள்ள, சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் உள்ள ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

மணலுக்கு நடுவே ஒரு நூலகம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் நதி பாலையை நோக்கி வளைந்து திரும்பும் இடத்திற்குச் சற்று வடக்கே இருக்கிறது திம்புக்டு. வடக்கிலிருந்து ஒட்டகங்கள் உப்புப் பாளங்களைச் சுமந்து வரும். தெற்கிலிருந்து தங்கம் வரும். இரண்டும் சந்தித்த சந்தைதான் இவ்வூர். மன்னர் மன்ஸா மூஸா 1324இல் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பின்னர், 1327 அளவில் எழுந்தது இங்குள்ள ஜிங்கரேபேர் பள்ளிவாசல். சங்கோரே பள்ளிவாசலைச் சுற்றி ஆலிம்களும் மாணவர்களும் திரண்டனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த ஹஸன் அல்-வஸ்ஸான் என்ற பயணி, ஏனைய சரக்குகளைக் காட்டிலும் நூல் வணிகத்தில்தான் மிகுந்த ஆதாயம் கிடைத்ததாக எழுதி வைத்துள்ளார்.

இவ்வூரின் பேரறிஞர் அஹ்மத் பாபா (1556–1627). மொரோக்கோப் படைகள் 1591இல் படையெடுத்து வந்தபின், அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தம்மிடமிருந்து 1,600 நூல்கள் பறிபோயின என்றும், தம் குடும்பத்தாரிடம் இருந்தவற்றுள் தம்முடையதே சிறிய சேகரிப்பு என்றும் அவர் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் பெயரால் அமைந்த நிலையத்திலும், ஊரின் குடும்பங்கள் பலவற்றின் இல்லங்களிலும் மார்க்கச் சட்டம், வானியல், மருத்துவம், இலக்கணம், வணிக ஒப்பந்தம் எனப் பல துறைகளைச் சேர்ந்த கையெழுத்துப் பிரதிகள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காக்கப்பட்டன.

மண்சுவரின் காவல்

மின்சாரம் அறியாத காலத்தில் இந்த ஏடுகள் எவ்வாறு பிழைத்தன? திம்புக்டுவில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லி மீட்டர்தான். குளிர்காலத்தில் வீசும் ஹர்மத்தான் காற்றோ காய்ந்த தூசியைத்தான் சுமந்து வரும். வறண்ட காற்றில் பூஞ்சணம் வளராது. வீடுகளின் தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உறிஞ்சி, இரவில் மெல்ல வெளிவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளறையின் வெப்பநிலை சட்டென ஏறி இறங்காது. களிமண்ணுக்கு மற்றொரு குணமும் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் அதனை வாங்கி வைத்துக் கொள்ளும். குறைந்தால் திருப்பித் தரும். இன்றைய இயந்திரங்கள் செய்யும் வேலையை அச்சுவர்கள் ஓசையின்றிச் செய்து வந்தன.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மிகுந்த வறட்சியால் தாள் நொறுங்கும், கரையானும் அரிக்கும். ஆயினும் ஏடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்தன.

நெருப்புக்குத் தப்பி, நீராவிக்கு முன்னால்

2012 ஏப்ரலில் ஆயுதக் குழுவினர் திம்புக்டுவைக் கைப்பற்றினர். அவ்லியாக்களின் அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. ஏடுகளுக்கும் அதே கதி நேருமோ என்று அஞ்சிய நூலகர் அப்துல் காதிர் ஹைதராவும் அவருடைய தோழர்களும் துணிந்து ஒரு காரியத்தில் இறங்கினர். இரும்பு டிரங்குப் பெட்டிகளை வாங்கி, இரவோடு இரவாக ஏடுகளை அவற்றில் அடைத்தனர். வண்டிகளிலும், நைஜர் நதியின் படகுகளிலும் ஏற்றி, தெற்கே உள்ள தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பினர். இவ்வாறு காப்பாற்றப்பட்டவை மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை என்பது அவர்களுடைய கணக்கு. 2013 ஜனவரியில் ஆயுதக் குழுவினர் ஊரைவிட்டு ஓடும்போது, அஹ்மத் பாபா நிலையத்தில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 4,000 ஏடுகளைத் தீயிட்டோ கவர்ந்தோ அழித்துச் சென்றனர்.

நெருப்பிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் வந்து சேர்ந்த இடம் எத்தகையது? பமாக்கோவில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லி மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று நனைந்து கிடக்கும். பாலைக் காற்றில் பிறந்து வளர்ந்த தாள், இரும்புப் பெட்டிக்குள் அந்த ஈரத்தைக் குடித்து ஊதிற்று; கோடையில் மீண்டும் சுருங்கிற்று. ஊதியும் சுருங்கியும் வந்தால் தாளின் நார் தளரும். மை செதில் செதிலாக உதிரும். இரும்பு கலந்த மையாக இருந்தால் ஈரம் பட்டு அதன் அமிலம் விழித்துக்கொண்டு எழுத்திருந்த இடத்தையே ஓட்டையாக்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் தலைகாட்டத் தொடங்கும்.

குளிர்ச்சி மட்டும் போதுமா?

“குளிர்சாதன இயந்திரம் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது” என்று நீங்கள் எண்ணலாம். இங்குதான் பலர் தவறிவிடுகின்றனர். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை ஏந்தும். 20 பாகையிலோ 17 கிராம்தான் ஏந்தும். 30 பாகையில் 17 கிராம் நீராவியுடன் உள்ள காற்றின் ஈரப்பதம் 57 விழுக்காடு. நீரை அகற்றாமல் அதே காற்றை 20 பாகைக்குக் குளிர்வித்தால், ஈரப்பதம் 100 விழுக்காட்டை எட்டிவிடும்! ஏடு குளிர்ந்திருக்கும், ஆனால் நனைந்திருக்கும்.

சாதாரணக் குளிர்சாதன இயந்திரம் ஓடும்போது நீரைச் சொட்டவிட்டுக் காற்றை ஓரளவு உலர்த்தும். அறை குளிர்ந்ததும் அது ஓய்ந்துவிடும்; ஈரம் மீண்டும் ஏறும். ஆகவே ஏட்டுக் காப்பகங்களில் வேறு முறையைக் கையாள்வார்கள். காற்றைத் தேவைக்கும் கீழாகக் குளிர்வித்து நீரை வடித்துவிட்டு, பின்னர் அதனைச் சற்றே சூடேற்றி அறைக்குள் விடுவார்கள். வெப்பநிலை 20 பாகையை ஒட்டியும், ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியும் நிலையாக நிற்க வேண்டும். அந்த எண்களைக் காட்டிலும் முக்கியமானது அவற்றின் நிலைத்தன்மையே. இன்று 40, நாளை 70 என்று ஏறி இறங்குவதுதான் தாளுக்குப் பெரும் பகை.

பமாக்கோவில் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அமிலமற்ற அட்டைப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துச் சேமிக்கும் பணியில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஒரு கிறிஸ்தவ மடாலயத்தைச் சார்ந்த ஏட்டு நூலகம் தோள்கொடுத்தது. எனினும் இயந்திரம் மின்சாரத்தை நம்பி வாழ்வது. மின்சாரம் நின்றால் அறையின் காற்று சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மண்சுவருக்கோ அந்தக் கவலை இல்லை. 2025 ஆகஸ்டில் அஹ்மத் பாபா நிலையத்தின் ஏடுகள் திம்புக்டுவுக்குத் திருப்பி அனுப்பப்படலாயின. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் பமாக்கோவின் ஈரக்காற்றும் ஒன்று.

நம் வீட்டு அலமாரி

வாசகர்களே! காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளிலும் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. கடற்காற்றும் ஐப்பசி மழையும் பமாக்கோவின் மழைக்காலத்திற்கு இளைத்தவை அல்ல. பெரும் செலவின்றி நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

வெளிச்சுவரை ஒட்டி நூலை வைக்காதீர்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே காற்று புகட்டும். ஈரமாக இருக்கும் நூலைப் பிளாஸ்டிக் பையில் இட்டு மூடாதீர்கள். உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைப்பதும் கூடாது. தாள் வளைந்து மை மங்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலர விடுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். முள் 65ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு மூடுங்கள். பகலில் அணைத்து இரவில் ஓட்டும் குளிர்சாதன அறையில் அரிய ஏடுகளை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்களுள் அவ்வேடுகளின் ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாத படகோட்டிகளும் இருந்திருப்பார்கள். ஆயினும் அது அமானிதம் என்பதை அறிந்திருந்தார்கள். நம் பாட்டனார் நம்மிடம் விட்டுச் சென்றதும் அமானிதமே. இந்த வாரமே அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்!