வெனிஸ் நகரிற் கண்ட கிணறு

யாழ்ப்பாணத்தவர் ஒரு வீட்டை விலைபேசப் போனால் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆறில்லாத ஊரிற் பிறந்தவர்களுக்கு நன்னீரின் அருமை தெரியும். ஆயினும் கால்வாய்களையே வீதிகளாகக் கொண்ட வெனிஸ் நகரிலே, ஒரு கிணற்றடியில் என் மனைவியைத் தேடிக் கண்டுபிடிக்க நேரும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் சுவிற்சர்லாந்தில் வாழும் என் மைத்துனர் வீட்டுக்கு நாமிருவரும் சென்றிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்தனீங்கள், வெனிசைப் பாராமல் போகலாமோ?" என்று கூறி, அவரே புகையிரதச் சீட்டுக்களையும் வாங்கித் தந்துவிட்டார். சூரிச்சிலிருந்து மிலான் நகருக்கும், அங்கிருந்து வெனிசுக்கும் பயணம் செய்தோம். கடைசிப் பகுதியில் வண்டி கடலுக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றியது. இருபுறமும் நீர்ப்பரப்பு, நடுவே 1846 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட நெடும்பாலம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால், படிகளின் கீழே தெரு இல்லை, பெருங்கால்வாய் இருந்தது!

கடற்கழியிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்களால் இணைத்து அமைத்த நகரம் இது. சேற்றிலே மரக்கம்பங்களை நெருக்கமாக இறக்கி, அவற்றின்மேல் கல்லடுக்கி மாளிகைகளை எழுப்பினார்கள். சேற்றுக்குள்ளே காற்றுப் புகாமையால் அம்மரங்கள் பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் உளுத்துப் போகாது நிற்கின்றன. இங்கே மோட்டார் வண்டியுமில்லை, துவிச்சக்கர வண்டியுமில்லை. நோயாளியை ஏற்றுவதும் குப்பையை அள்ளுவதும் படகிலேதான்.

இந்நகரத்துக்கும் நமது நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. இலங்கைத்தீவைப் பற்றி எழுதிவைத்த மார்க்கோ போலோ வெனிஸ் நகரத்து வணிகன். கீழைநாட்டு மிளகும் கறுவாவும் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் வழியாக வெனிசை அடைந்து, ஐரோப்பாவெங்கும் விலைப்பட்டன. அச்செல்வத்தின் ஒரு பங்கே இம்மாளிகைகளாக நிற்கின்றது எனலாம்.

மறுநாட் காலை புனித மார்க்கு சதுக்கத்தை அடைந்தோம். அங்கே தேர்த்திருநாட் கூட்டந்தான். கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னே உல்லாசப் பிரயாணிகள் அணியணியாகச் சென்றனர். அங்குள்ள மணிக்கோபுரம் 1902 இல் இடிந்து விழுந்து, 1912 இல் முன்போலவே கட்டப்பட்டது. தேவாலய முகப்பிலே நான்கு குதிரைகள் நிற்கின்றன. 1204 இல் கொன்ஸ்தாந்தினோபிள் நகரைச் சூறையாடியபோது கைப்பற்றிய குதிரைகளை வெனிஸ் மக்கள் இங்கே கொணர்ந்தனர். 1797 இல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனான். 1815 இல் அவை திரும்பி வந்தன. இன்று மூலக்குதிரைகள் உள்ளே பாதுகாக்கப்பட, வெளியே நிற்பவை பிரதிகளே. கொள்ளையிட்டவர்களே கொள்ளை கொடுக்க நேர்ந்த கதையை நம் மாணவர்கள் ஊன்றிப் படித்தல் நன்று.

கொண்டோலா என்னும் கரிய ஓடத்திலே அரை மணி நேரம் செல்லப் பகலில் 90 யூரோ என்றார்கள். "அந்தக் காசுக்கு ஊரிலை ஒரு வள்ளமே வாங்கலாம் போல" என்றாள் மனைவி. நடந்தே சென்றோம். றியால்ற்றோப் பாலத்தை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய சந்துகளில் சனநெரிசல் எங்களைப் பிரித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், அவளைக் காணோம். அவளுடைய கைத்தொலைபேசியோ என் பையினுள்ளே கிடந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் சந்து சந்தாக அலைந்தேன். மொழி தெரியாத ஊரில் அவள் என்ன செய்வாள் என்று நெஞ்சு பதைத்தது.

ஈற்றில், ஆளரவமற்ற ஒரு சிறு முற்றத்திலே, பழங்காலக் கிணறொன்றின் கற்கட்டில் அவள் அமர்ந்திருக்கக் கண்டேன். பக்கத்திலே ஒரு மூதாட்டி. அவர் கையில் ஒரு சந்தைப் பை.

"நான் துலைஞ்சு போகேல்லை. கிணற்றடியிலை இருந்தால் ஆரும் வருவினம் எண்டு தெரியும், இந்த அம்மா வந்தா" என்றாள் என்னுடைய இல்லாள்.

அவ்வழியே வந்த மாணவனொருவன் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து உதவினான். சுற்றிலும் உப்புநீராகையால், வெனிஸ் மக்கள் மழைநீரையே நம்பி வாழ்ந்தனர். முற்றத்தை ஆழமாகத் தோண்டிக் களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவே செங்கற்கிணறு கட்டினர். மழைநீர் மணலினூடாக வடிந்து கிணற்றிலே தெளிந்து சேரும். 1884 இல் பெருநிலப்பரப்பிலிருந்து குழாய்நீர் வந்தது, கிணறுகள் மூடப்பட்டன. எம்முன்னே இருந்ததற்கும் இரும்பு மூடி இட்டிருந்தது. "என் சிறுவயதில் இம்முற்றத்தில் வெதுப்பகமும் மரக்கறிக் கடையும் இருந்தன. இப்போது முகமூடிதான் விற்கிறார்கள். முகமூடியைச் சமைத்து உண்ணலாமா?" என்று அம்மூதாட்டி கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் றியால்ற்றோவுக்கு அண்மையிலுள்ள மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடியிலே மின்னெழுத்தில் ஓர் எண் ஒளிரக் கண்டோம். அது பழைய நகரில் வாழ்வோரின் தொகையாம். 1951 இல் அத்தொகை ஏறத்தாழ 1,75,000. இன்றோ 50,000 க்கும் குறைவு. 1966 நவம்பரில் வெள்ளம் 194 சென்ரிமீற்றர் உயர்ந்தபின் கீழ்மாடி வாசிகள் பலர் வெளியேறினர். வாடகை உயர்ந்தது, தொழிலும் பெருநிலப்பரப்புக்குச் சென்றது. 2023 இல் விருந்தினருக்கான படுக்கைகளின் தொகை குடிமக்களின் தொகையையே விஞ்சிவிட்டது. அரசினர் வாளாவிருக்கவில்லை. 2020 முதல் கடல்வாயிலிலே தடுப்புக் கதவுகளை எழுப்பி வெள்ளத்தை மறிக்கின்றனர். 2021 இல் பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வதைத் தடுத்தனர். 2024 முதல், பகற்பொழுதுக்கு மட்டும் வருவோரிடம் குறித்த நாட்களிலே நுழைவுக் கட்டணம் பெறுகின்றனர். கடலை மறிக்கக் கதவு உண்டு. குடிபெயர்வோரை மறிக்கக் கதவு ஏது?

அன்றிரவு விடுதியறையின் கதவு நிலையிலே சில கீறல்களை மனைவி காட்டினாள். ஒன்றன்மேலொன்றாக எட்டுக் கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆண்டு. யாரோ தம் பிள்ளையின் வளர்ச்சியை அளந்து குறித்திருக்கின்றனர். நாங்கள் தங்கிய அறை ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. சனநெரிசலைப் பற்றிப் பகல் முழுவதும் முறையிட்ட நான், அந்நெரிசலில் நானும் ஒருவன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். யன்னலைத் திறந்து பார்த்தோம். எதிர்வரிசையில் ஒரேயொரு வீட்டில் விளக்கெரிந்தது.

"எங்கடை ஒழுங்கையும் இப்பிடித்தானே" என்றாள் அவள்.

நான் மறுமொழி கூறவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். இங்கே வந்தவர்கள் பெருகியதால் ஊரார் போயினர். அங்கே போர் மூண்டதால் ஊரார் போயினர். காரணம் வேறாயினும் இருட்டு ஒன்றே.

வெனிஸ் செல்லும் அன்பர்கள் ஓரிரவேனும் அங்கே தங்குக. விடியற்காலையில், கூட்டம் வருமுன் எழுந்து நடந்து பாருங்கள். மரக்கறி இறக்கும் படகையும், பள்ளிக்குச் செல்லும் ஓரிரு பிள்ளைகளையும், கொடியிலே காயும் உடுப்பையும் காணலாம். மாளிகைகளிலும் அவையே எமக்கு அரிய காட்சிகளாயின.

ஊர் திரும்பிய மறுநாள், எங்களிடம் திறப்பைக் கொடுத்துச் சென்ற பக்கத்து வீட்டாரின் வளவுக்குள் மனைவி நுழைந்தாள். கிணற்றிலே சருகு மண்டிக் கிடந்தது. அடுத்த ஞாயிறன்று ஆட்களைப் பிடித்து அதனை இறைப்பித்தோம். இரண்டு நாளில் ஊற்று மீண்டும் தெளிந்துவிட்டது.