வெறுங்கையோடு திரும்பத் தெரிய வேண்டும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவில் படிக்கும் பேத்தி, "தாத்தா, ஒரு பாம்பு வாங்கி வளர்க்கப் போறேன்" என்று சொன்னதும், அவள் பாட்டி போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கால்நடை மருத்துவனாக ஓய்வு பெற்ற நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நாட்டில் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அங்கே பல மாநிலங்களில் விஷமில்லாத பாம்பை வளர்க்கலாம். ஹவாயில் எந்தப் பாம்பும் கூடாது. "உன் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசு" என்றேன்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு இரண்டு பாம்புகளைச் சொல்வார்கள். ஒன்று கார்ன் ஸ்நேக்: அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, சாதுவானது, பெரும்பாலும் ஐந்தடிக்குள் நிற்கும். இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான்: பயந்தால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும். முன்னது பதினைந்து, இருபது ஆண்டு இருக்கும். பின்னது முப்பதைத் தாண்டவும் கூடும். செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் அறுபது வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட பால் பைத்தான் ஒன்று 2020-இல் முட்டையிட்டது. படிப்பு, வேலை, கல்யாணம் என்று நீ எங்கே போனாலும் அதுவும் கூட வரும் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன்.

மாட்டுச் சந்தைக்குப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பான். பாம்புக்கும் அந்த நிதானம் வேண்டும். கையில் எடுத்ததும் அது விரலைச் சுற்றி இறுக்க வேண்டும், நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்க வேண்டும். துணியாய்த் தொங்கினால் வேண்டாம். முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றால் இரை சரியாக எடுக்கவில்லை என்று பொருள். கண் தெளிவாக இருக்க வேண்டும். சட்டை உரிக்கப்போகும் நாட்களில் மட்டும் நீலம் பூத்து மங்கும், அது நோயில்லை. மூக்கில் நீர்க்குமிழி, திறந்த வாய், மூச்சில் கரகரப்பு, இவை நெஞ்சுச் சளியின் அடையாளம். கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் உண்ணி. தண்ணீர்க் கிண்ணத்தையும் எட்டிப் பார். உண்ணி அதில் செத்து மிதக்கும். மலத்துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு விற்பவரிடம் கேள். வளர்ப்பிலேயே பொரித்ததா, காட்டில் பிடித்ததா? காட்டிலிருந்து வந்தவை ஒட்டுண்ணிகளைச் சுமந்து வரும், பயத்தில் இரையும் எடுக்காது. கடைசியாக என்று தின்றது, என்ன தின்றது? உறையவைத்து இளக்கிய எலியைத் தின்னப் பழகியிருந்தால் உனக்குப் பாதித் தொல்லை குறையும். நல்ல வளர்ப்பாளர் தேதி வாரியாக எழுதி வைத்திருப்பார்.

இத்தனையும் சொன்ன பிறகு அவள் கேட்டாள்: "மெலிஞ்சு, பாவமா இருக்கிறதை வாங்கிக் காப்பாத்தினா என்ன தாத்தா?"

நல்ல மனசுக்காரர்கள் சறுக்குமிடம் இதுதான். நீ பரிதாபப்பட்டுக் கொடுக்கும் பணம் விற்பவருக்கு லாபம்தான். காலியான பெட்டியில் அடுத்த வாரம் இன்னொரு நோஞ்சான் வந்து படுக்கும். முதன்முதலாக வளர்ப்பவருக்கு நோயைத் தீர்க்கும் கைப்பக்குவமும் இருக்காது. இரக்கம் பெரிய குணம்தான். ஆனால் கடையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அது வந்துபோவது. வளர்ப்பதோ இருபது வருட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிவெடுத்தவர்களின் கதை புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இருக்கிறது. வளர்க்க ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் விட்டுவிட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்கே பல்கிப் பெருகி, முயல், ரக்கூன் இனங்களைச் சூறையாடின. அமெரிக்க அரசு 2012-இல் அவற்றின் இறக்குமதிக்கே தடை போட்டது.

வாழ்க்கையில் நாம் தவறாக வாங்கிய பலவும், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று வாங்கியவைதான். சரியில்லை என்று பட்டால் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம்; அதில் ஒரு குறைவும் இல்லை.

சரியானது கிடைத்துவிட்டாலும் அதே பொறுமை வேண்டும். சூடு ஒரு பக்கம், குளிர்ச்சி ஒரு பக்கம், ஒளிய இடம், தண்ணீர், இத்தனையும் வைத்துவிட்டு முதல் ஒரு வாரம் தொடாதே. அதன் பிறகு தொடும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவு. சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான பாம்பிடமும் இருக்கும். எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று கை பரபரக்கும். அது உன் ஆசை. புது இடத்தில் பயம் தெளிந்து இரை எடுப்பதுதான் அதன் தேவை. அது முதலில் நடக்கட்டும்.