கண்ணாடியில் தெரிந்த மூன்றாவது முகம்

பிள்ளைகள் இல்லாத தம்பதியர் அறிவியல் காட்சியகத்துக்குப் போகிறோம் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று என் மாமியே தொலைபேசியில் கேட்டார்கள். வேலை ஒன்றுமில்லைதான். மணமான 13 ஆண்டுகளில் மருத்துவமனைகளுக்குச் சேர்ந்து சென்ற நாள்கள் ஏராளம். காரணமே இல்லாமல் ஒரு முழு நாள் வெளியே சென்றது அரிது. எனவே ஒரு சனிக்கிழமை ஃப்ரீமாண்டில் ரயிலேறி, சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியத்துக்குப் போனோம்.

அதை 1969இல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட்டின் தம்பி, தாமும் இயற்பியலாளர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949இல் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்தார். பின்பு அங்கேயே பள்ளி ஆசிரியரானார். துறையை விட்டு விரட்டப்பட்டவர் கசந்துபோகாமல் இப்படி ஓர் இடத்தை உருவாக்கியதே எனக்கு முதல் வியப்பு. 2013 முதல் அது கடற்கரையில் 15ஆம் எண் துறைமேடையில் இயங்குகிறது. 'தொடாதீர்' என்ற பலகையை நான் எங்கும் காணவில்லை. எல்லாவற்றையும் திருகலாம், தள்ளலாம், ஊதலாம்.

ஒரு மேசையில் இளம்பெண் ஒருத்தி பசுவின் கண்ணை அறுத்துக் காட்டினாள். உள்ளிருந்து வில்லையை எடுத்துச் செய்தித்தாளின்மேல் வைத்தாள், எழுத்துகள் பெரிதாயின. கண்ணின் பின்சுவரில் நீலமும் பச்சையுமாக ஒரு மினுமினுப்பு. "குர்பானிக்கு எத்தனை மாடு பார்த்திருக்கிறோம்! இதை ஒருநாளும் பார்க்கவில்லையே" என்றார் என் கணவர். எனக்கு இப்னுல் ஹைதம் நினைவுக்கு வந்தார். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அந்த அறிஞர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று அவர் நிறுவினார். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, சிறு துளை வழியே சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளைக் கவனித்தார். ஒரு விளக்கை மறைத்தால் ஒரு புள்ளி மட்டும் மறைந்தது. அவரும் கையால் செய்து பார்த்தவர்தாம்!

லுஹரைத் துறைமேடையின் வெளிமுனையில் தொழுதோம். ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய எங்களுக்கு, இங்கே கிப்லா வடகிழக்காக இருப்பது இன்றும் புதுமைதான். பூமி உருண்டை என்பதை நாள்தோறும் ஐந்து முறை நெற்றி உணர்கிறது.

பிற்பகலில்தான் அந்தக் கண்ணாடியைக் கண்டோம். இருபுறமும் ஒவ்வொருவர் அமர வேண்டும். நடுவில் பாதி ஒளியைத் திருப்பி, பாதியை ஊடுருவவிடும் கண்ணாடி. என் பக்க விளக்கைக் கூட்டினால் என் பிம்பம் தெரிந்தது. அவர் பக்கம் கூட்டினால் அவர் முகம் தெரிந்தது. இரண்டும் சமமானபோது, என் கண்களும் அவருடைய தாடையும் கொண்ட ஒரு முகம் எங்களைப் பார்த்தது.

நான் விளக்கின் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

வளர்ப்புப் பெற்றோராகப் பதிவு செய்யும் படிவம் 7 மாதங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மார்க்கத்தில் தடை ஏதுமில்லை. பிள்ளை தன் தந்தையின் பெயரையே தாங்கும், நாங்கள் பராமரிப்போம் என்ற தெளிவை ஆலிம் ஒருவரிடம் கேட்டுப் பெற்றுவிட்டோம். பணத் தட்டுப்பாடும் இல்லை. எங்களைத் தடுத்தது வேறு. நம் சாயலில் ஒரு பிள்ளை என்ற ஆசையை இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்துகொண்டிருந்தோம். வாய்விட்டுச் சொன்னால் மற்றவர் நொந்துபோவார் என்ற அச்சம். அன்று அந்தச் சாயலை இருவரும் ஒன்றாகப் பார்த்துவிட்டோம். அழகான முகம்தான். மறைக்க இனி எதுவும் இல்லை.

"மூக்கு உன்னுடையது" என்றார்.

"இல்லை மச்சான், உங்க வாப்பாவோடது" என்றேன். சிரித்தோம். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

இன்னோரிடத்தில், எதிரெதிரே இரண்டு பெரிய கிண்ண வடிவ இருக்கைகள். ஒன்றில் அமர்ந்து மெல்லப் பேசினால், வளைந்த சுவர் அந்த ஒலியைத் திரட்டி நேராக எதிர்க் கிண்ணத்துக்கு அனுப்பும். அங்கே அது கேட்பவரின் காதருகே குவியும். இடையில் எத்தனை கூச்சலிருந்தாலும் சொல் சிதறுவதில்லை. பிள்ளைகள் ஓடிக் கத்திக்கொண்டிருந்த கூடத்தின் மறுமுனையில் அவர் மிகச் சிறியவராகத் தெரிந்தார். உதடு அசைந்தது. குரலோ என் தோளருகே ஒலித்தது.

"அந்தப் படிவத்தை இன்றைக்கே நிரப்பிவிடுவோமா புள்ளே?"

"இன்ஷா அல்லாஹ்" என்று கிசுகிசுத்தேன். அவர் தலையசைப்பதைக் கண்டேன்.

அருகில் ஒரு சிறுவன் தன் முறைக்காகக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். எழுந்து அவனுக்கு இடம் விட்டேன்.