குட்டியானை மேல பைக் சவாரி!

கொல்லிமலைக்கு பைக்ல போகணும்னு ஆசையா பாஸ்? தாராளமா போங்க. ஆனா, சென்னையிலிருந்தே ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், ராசிபுரம்னு கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் வெயில்ல வெந்து, அடிவாரம் காரவள்ளிக்கு வர்றப்போ முதுகு விட்டுப்போயிருக்கும். விஷயமே அங்கதானே ஆரம்பிக்குது... 70 கொண்டை ஊசி வளைவு!

அதனால பைக்கை குட்டியானையில ஏத்திடுங்க. ரெண்டு பைக் நிக்கும், வாடகையும் பாதியாகும். ரோட்டோர மண்மேட்டுல பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினா, தள்ளியே உள்ளே கொண்டுபோயிடலாம். கட்டுறதுலதான் நம்ம ஆளுங்க சொதப்புவாங்க. சைடு ஸ்டாண்டு போட்டு ஹேண்டில்பார்ல கயிறைச் சுத்தினா, முதல் பள்ளத்துலயே தளர்ந்து பைக் படுத்துடும். ஸ்டாண்டை எடுத்துட்டு கியர்ல போடுங்க. முன்சக்கரம் கேபினை முட்டி நேரா நிக்கட்டும். ஃபோர்க்கிலிருந்து ரெண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுத்து, ஷாக் அப்சார்பர் பாதி அமுங்குற மாதிரி கட்டுங்க. அப்புறம் பின்பக்கம். கயிறு உரசுற இடத்துல பழைய சைக்கிள் டியூப். தாம்பரம் தாண்டினதும் இறங்கி இழுத்துப் பாருங்க, நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

"நாங்க பின்னாடி உட்கார்ந்து பைக்கைப் பிடிச்சுக்கிறோம் மச்சி"னு ரெண்டு பேர் கிளம்புவாங்க. கூடவே கூடாது! சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது சட்டப்படி தப்பு. அதைவிட, சடன் பிரேக் போட்டா நூறு கிலோ பைக் யார் மேல விழும்? அவங்களை சேலம் பஸ்ல ஏத்தி விடுங்க.

காரவள்ளியில இறக்கி, பிரேக்கும் டயர் காத்தும் பார்த்துட்டு ஏறுங்க. எதிர்ல பஸ் வந்தா ஒதுங்கிடுங்க, வளைவுல அதுக்கு முழு ரோடும் வேணும். இறங்கும்போதும் ஏறின அதே கியர்தான்.

சோளக்காட்டுல பலாப்பழம் வாங்குற ஐடியா இருக்கா? அப்போ குட்டியானையை அடிவாரத்துல நிறுத்தாம மேலயே வரச் சொல்லிடுங்க. பலாவை பைக்ல கட்டிக்கிட்டு 70 வளைவு இறங்குறதெல்லாம் ஆகுற வேலையில்லை!